10045164: ஓ.இ.ஐ.எஸ் தளத்தில் ஆறு வாரம்

தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம், பதினோரு மணிக்கு மேல் பட்டா, சிட்டா கூட்டம். நடுவில் ஒரு மணி நேரம் ஈ ஓட்டலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பார்கள். எனக்கு எண் பைத்தியம். பஸ் டிக்கெட், கரண்ட் பில், கேஸ் ரசீது, எந்த எண் கைக்கு வந்தாலும் 3-ல் போகுமா, 7-ல் போகுமா, 11-ல் போகுமா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். படித்தது பிளஸ் டூ வரைக்கும்தான், அதனால் இதைக் கணக்கு வாத்தியார் எழுதும் விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விமர்சனத்துக்குரிய பொருள், ஓ.இ.ஐ.எஸ் என்கிற இணையதளம். முழு எண் தொடர்வரிசைகளுக்கான கலைக்களஞ்சியம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு எண்ணுக்காக.

எங்கள் அம்மா முப்பது வருஷம் பிளவுஸ் தைத்த மிஷினில், சக்கரத்துக்குக் கீழே சின்னப் பித்தளைத் தகடு ஒன்று இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் 10045164 என்று தெரியும். சின்ன வயதில் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து நான் முதன்முதலில் வாசித்த பெரிய எண் அதுதான். ஒரு கோடியே நாற்பத்தைந்தாயிரத்து நூற்று அறுபத்து நான்கு. இந்த எண்ணில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் வேறொரு தளத்தில்தான் போட்டேன். பெயர் வேண்டாம். எண்ணைத் தட்டினால் அது பகா எண்ணா, பகு எண்ணா, காரணிகள் எத்தனை, 0-வும் 1-ம் மட்டும் வைத்து எழுதும் இரும வடிவம் என்ன என்று ஒரு முழப் பட்டியல் வந்து விழும். இரண்டு நிமிஷம் நன்றாக இருந்தது. அப்புறம் நியூமராலஜி ஜோசியரிடம் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. "இது அது, இது இது இல்லை" என்கிறதே தவிர ஏன் என்று சொல்லவில்லை. ஜோசியர் என்றால் எட்டு இலக்கத்தையும் கூட்டி 21, அதைக் கூட்டி 3, குரு ஆதிக்கம் என்பார். அவராவது காரணம் என்று ஒன்றைச் சொல்கிறார்.

என் அக்கா மகள் பி.எஸ்.சி. மேத்ஸ் படிக்கிறாள். அவள்தான் சொன்னாள்: "மாமா, ஓ.இ.ஐ.எஸ்னு ஒண்ணு இருக்குல்லா, அதப் பாருங்க. ஆனா அதுல நம்பரத் தூக்கிப் போட்டா ஒண்ணும் வராது. நீங்கதான் கணக்குப் போடணும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. இந்தத் தளத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். தேடல் பெட்டியில் எதைப் போட்டாலும் தளம் கணக்கு எதுவும் போடாது. தன்னிடம் இருக்கும் பட்டியல்களில் அது எங்கேயாவது வருகிறதா என்று மட்டும் பார்க்கும். ஒவ்வொரு பட்டியலிலும் கண்ணுக்குத் தெரிவது சுமார் மூன்று வரி எண்கள்தான். இரட்டைப்படை எண்கள் பட்டியல் என்றால் நூறைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மூன்று வரி தீர்ந்துவிடும், ஒரு கோடி எங்கே இருக்கிறது! ஆகவே எட்டு இலக்கத்தில் சாதாரண எண் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவார்.

அதே எட்டு இலக்கத்தில் 87539319-ஐத் தட்டிப் பாருங்கள், கதையே வேறு. மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜன் ஹார்டியிடம் 1729 பற்றிச் சொன்னதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம்: இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண். அப்படி மூன்று விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண்தான் 87539319. 167, 436 ஒரு ஜோடி. 228, 423 அடுத்தது. 255, 414 மூன்றாவது. 1957-ல் ஜான் லீச் கண்டுபிடித்தது. இது வரும் தொடர்வரிசை 2-ல் தொடங்கி, அடுத்து 1729, அடுத்து இது என்று ஒரே தாவலில் ஏறுகிறது, அதனால் முதல் வரியிலேயே வந்துவிடும். மூன்று கனக்கூட்டல்களையும் நான் கையால் போட்டுப் பார்த்தேன். மூன்றும் சரி. அன்றைக்கு நோட்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த பையனுக்கு இரண்டு பக்கம் விட்டுப்போய், திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போனான்.

சரி, நம் எண்ணுக்கு வருவோம். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கம் எனக்கு எப்போதும் மிச்சம் இருக்கும். அதில் உட்கார்ந்தேன்.

கடைசி இரண்டு இலக்கம் 64, ஆக 4-ல் போகும்: 2511291. இலக்கக் கூட்டு 21, 3-ல் போகும்: 837097. 5-க்கு வாய்ப்பில்லை. 7-ல் 2 மீதி. 11-லும் போகவில்லை. 13-ல் 1 மீதி. ஒன்றே ஒன்றில் தப்பியது, எரிச்சலாக வந்தது. 17-ல் சுத்தமாகப் போனது: 49241. மறுபடி 17, 19, 23 எதிலும் இல்லை. 29-ல் 28 மீதி, மறுபடியும் ஒன்றில் போச்சு. 31, 37 இல்லை. 41-ல் போனது: 1201. இனி 1201-ஐ எதில் வகுப்பது என்று பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது, தேட வேண்டியதே இல்லை. 41-க்குக் கீழே உள்ள பகா எண் எதிலும் 49241 போகவில்லை. 41-ஐ 41-ஆல் பெருக்கினாலே 1681, 1201-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 1201 பகா எண்தான். அந்த இடத்தில் டீ சொல்லிக் குடித்தேன்.

ஆக 10045164 என்பது 2 × 2 × 3 × 17 × 41 × 1201. வகுத்திகள் 48. இது அதிகமா குறைவா என்று ஒரு கேள்வி வருமல்லவா? இங்கேதான் தளம் முதல்முறையாக உதவியது. ராமானுஜன் 1915-ல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று, தன்னைவிடச் சின்ன எண் எதற்கும் இல்லாத அளவு அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. அந்த எண்களுக்கு இங்கே ஏ002182 என்று தனிப் பக்கம். அதில் 8648640 இருக்கிறது. நம் எண்ணைவிடச் சின்னது, வகுத்திகள் 448! அம்மா மிஷின் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது. ராமானுஜன் கையால் போட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது, 293318625600. பன்னிரண்டு இலக்கத்தில் அவருக்கே ஒன்று விட்டுப்போகிறது என்றால், எட்டு இலக்கத்தில் எனக்குப் போகும் தப்பைப் பற்றி நான் இனி வெட்கப்படுவதாக இல்லை.

அடுத்து, மிகையெண்ணா குறைவெண்ணா? ஒரு எண்ணின் வகுத்திகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். எண்ணைவிட அதிகமாக வந்தால் மிகை, கம்மியாக வந்தால் குறை, சரியாக வந்தால் செவ்விய எண். 6 செவ்வியது, 28 செவ்வியது. ஐந்தாவது செவ்விய எண்ணே 33550336-க்குப் போய்விடுகிறது. நம் எண்ணுக்கு 7 × 4 × 18 × 42 × 1202 என்று பெருக்கி, அதிலிருந்து எண்ணைக் கழித்து 1,53,98,772 என்று எடுத்தேன். எண்ணைவிட 53,53,608 அதிகம். மிகையெண். சாயங்காலம் அக்கா மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "மாமா, 6-ஐ விடப் பெரிய நம்பர் 6-ல வகுபட்டாலே மிகைதான், இதுக்கா இவ்ளோ பெருக்குனீங்க?"

ஏன் என்று யோசித்தால் எளிதுதான். எண்ணில் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, இந்த மூன்றையும் கூட்டினாலே முழு எண் வந்துவிடும். மேற்கொண்டு 1 ஒன்று இருக்கிறதே, அது போதும் மிகையாக. முக்கால் மணி நேரப் பெருக்கல் வீண். ஆனால் இந்தத் தளத்தில் எனக்குப் பிடித்துப்போனதே இதுதான். நாமே முட்டி மோதிவிட்டுப் போய்ப் படித்தால் அங்கே இருக்கும் ஒரு வரிக் குறிப்பு சுரீர் என்று ஏறுகிறது. பட்டியல் தளம் "ஆம், மிகையெண்" என்றபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

மகிழ்ச்சி எண் என்று ஒரு வகை உண்டு, ஏ007770. ஒவ்வொரு இலக்கத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டு, வந்ததை மறுபடி அப்படியே செய். கடைசியில் 1-க்கு வந்தால் மகிழ்ச்சி எண். நம்முடையது 95, 106, 37, 58, 89 என்று போய் 145, 42, 20, 4, 16, திரும்ப 37. செக்குமாடு. மகிழ்ச்சி இல்லை.

அது போகட்டும் என்று இரும எண்ணாக மாற்றினேன். 100110010100011011101100. இதில் 1-கள் இரட்டைப்படையில் இருந்தால் ஆங்கிலத்தில் ஈவில், ஒற்றைப்படை என்றால் ஓடியஸ். ஈவன், ஆட் என்ற சொற்களை வைத்து விளையாடிய பெயர்கள். தமிழில் சொன்னால் கெட்ட எண், வெறுக்கத்தக்க எண். இரண்டில் ஒன்றுக்கும் நல்ல பெயர் கிடையாது. எண்ணிப் பார்த்தேன், 1-கள் பன்னிரண்டு. ஆகக் கெட்ட எண்.

வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னேன், உன் மிஷின் நம்பர் மகிழ்ச்சியும் இல்லையாம், கெட்டதுமாம் என்று. "நம்பர என்னத்தப் பாக்க, பெல்ட் தொஞ்சி போய்க் கெடக்கு, அத மாத்து மொதல்ல" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி அந்த இரும எண் எழுதின தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மொத்தம் 24 இலக்கம். 1-கள் பன்னிரண்டு என்றால் 0-க்களும் பன்னிரண்டு. சரிபாதி! கெட்ட எண்ணா என்று பார்க்க 1-களை மட்டும் எண்ணினேன், 0-க்களை எண்ணவில்லை, அதான் கண்ணில் படவில்லை. அந்தப் பட்டியல் தளமும் இரும வடிவத்தைக் காட்டியதே ஒழிய இதைச் சொல்லவில்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்குமே! பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? ஓ.இ.ஐ.எஸ் இருப்பதே அதற்காகத்தான். சின்னதிலிருந்து நாமே போட வேண்டியது. இரண்டு இலக்கத்தில் 10, அதாவது 2. நான்கு இலக்கத்தில் 1001, 1010, 1100, அதாவது 9, 10, 12. ஆறு இலக்கத்தில் 35, 37, 38. இதைக் காற்புள்ளி வைத்து 2, 9, 10, 12, 35, 37, 38 என்று தட்டினேன். வந்து நின்றது ஏ031443: இரும வடிவில் 0-வும் 1-ம் சம எண்ணிக்கையில் உள்ள எண்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன ஆளை மைக்கில் கூப்பிட்டதும் எதிரே வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

எவ்வளவு அபூர்வம் என்றும் பார்த்துவிட்டேன். 24 இலக்க இரும எண்கள் மொத்தம் 83,88,608. முதல் இலக்கம் 1-ஆகத்தான் இருக்கும், மீதி 23 இடத்தில் 11 இடத்துக்கு 1 வர வேண்டும்; அப்படி 13,52,078 எண்கள். ஏறத்தாழ ஆறில் ஒன்று. அபூர்வம் என்று மார்தட்ட முடியாது. பரவாயில்லை, அது நானே பார்த்தது.

தளத்தின் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீல் ஸ்லோன் 1964-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அவர் வேலையில் 0, 1, 8, 78, 944 என்று ஒரு வரிசை வந்து நின்றது. அடுத்து என்ன, பொது விதி என்ன என்று தெரியவில்லை. எங்கேயும் பார்த்துக்கொள்ள வழியில்லை. சரி என்று, கண்ணில் படும் வரிசைகளை எல்லாம் அட்டைகளில் எழுதி வைக்க ஆரம்பித்தார். 1973-ல் புத்தகமாகப் போட்டபோது 2372 வரிசைகள். 1995-ல் சைமன் ப்ளூஃபோடு சேர்ந்து போட்ட இரண்டாவது புத்தகத்தில் 5487. அடுத்த வருஷம் இணையத்துக்கு வந்தது. 2009-ல் அறக்கட்டளை அமைத்து அதன் கையில் ஒப்படைத்தார்கள். இப்போது 3,80,000-க்கு மேல். அவரைத் தொடங்க வைத்த அந்த வரிசையும் உள்ளே இருக்கிறது, ஏ000435.

பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. தட்டச்சு மிஷினில் அடித்த அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருக்கும். எனக்கு அது பழகின முகம், தினம் ஐம்பது நகல் எடுக்கிறேன். போனில் பார்ப்பதற்குக் கண்ணாடி வேண்டும். எல்லாம் ஆங்கிலம், அதிலும் சுருக்கெழுத்து. ஆனால் எண்கள் எண்களாகத்தானே இருக்கின்றன, முதல் பத்து எண்ணைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் வரைபடம் உண்டு. கேட்பதற்கு ஒரு பொத்தானும் உண்டு, எண்களைச் சுரமாக மாற்றி வாசித்துக் காட்டும். ஏ031443-ஐக் கேட்டேன். தவில்காரர் வராத கச்சேரி மாதிரி இருந்தது, மறுபடி கேட்கவில்லை. நம்மிடம் புது வரிசை இருந்தால் சொந்தப் பெயரில் பதிவு செய்துகொண்டு அனுப்பலாம். ஆசிரியர்கள் பார்த்து, கேள்வி கேட்டு, திருத்தி, அப்புறம்தான் ஏறும்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. தொழிலில் இருந்தே ஒன்று எடுத்தேன். ஏ4 தாளை நீளவாக்கில் கிழித்து, வரிசையாகக் கட்டம் போட்டு 1, 2, 3 என்று எண் எழுதி, கட்டம் கட்டமாக மடித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மேலிருந்து கீழே எத்தனை விதமான வரிசைகள் வரும்? ஒரு கட்டம் என்றால் 1. இரண்டுக்கு 2. மூன்றுக்கு 6, அதாவது வரக்கூடிய எல்லா வரிசையும் வருகிறது. அப்படியானால் நான்குக்கு 24 வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. 1, 3, 2, 4 என்று அடுக்கிப் பாருங்கள், தாள் தாளுக்குள் புகுந்து போனால்தான் முடியும். மடித்து மடித்துப் பார்த்ததில் 16-தான் வந்தது. ஐந்து கட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. 48 என்று எழுதி முடித்தேன்.

1, 2, 6, 16, 48 என்று தட்டினால் என்னென்னவோ வந்தன, மடிப்புப் பற்றி ஒன்றும் காணோம். ஆகா, புது வரிசை என்று ஒரு நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்கா மகள் வந்து உட்கார்ந்தாள். "இருங்க மாமா. மேல இருக்கதக் கீழ கொண்டுபோய் வச்சாலும் மடிக்க முடியும்லா? அப்ப 5-ல வகுபடணுமே, 48 எப்டி வரும்?" என்றாள். இரண்டு விட்டுப்போயிருந்தது. 50 என்று மாற்றிப் போட்டதும் ஏ000136 வந்தது: தபால்தலைப் பட்டையை மடிக்கும் விதங்கள். 1, 2, 6, 16, 50, 144, 462, 1392. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் மடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்குச் சூத்திரம் ஒன்றும் கிடையாதாம். அடுத்த எண் வேண்டுமானால் எண்ணித்தான் ஆக வேண்டும். என் பெயர் ஏறவில்லை என்று வருத்தம் இருந்தாலும், ஜெராக்ஸ் கடையில் கிழிந்த தாளில் வந்த 50 அங்கேயும் 50-ஆக இருந்தது பெரிய நிம்மதி.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஒரு எச்சரிக்கையோடு. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் முடித்துக் கொடுக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், கொடுக்காது. ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். குறைந்தது ஐந்தாறு எண்களாவது நீங்களே கணக்குப் போட்டு, சரிபார்த்துவிட்டு, காற்புள்ளி வைத்துத் தட்டுங்கள். ஒன்று தப்பினால் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

மிஷினுக்கு பெல்ட் மாற்றியாச்சு. இப்போது ஆறு கட்டப் பட்டை மடித்துக்கொண்டிருக்கிறேன். 144 வர வேண்டும். இன்றைக்குக் கடை சாத்தும்போது 91.